கொச்சிக்கா மூக்காயியின் குச்சிப் படங்கள்

அப்புத்தளைக்குக் கிழக்கே, மலை முகட்டை ஒட்டிக் கிடந்த காத்தாடிமலைத் தோட்டத்தில் மூக்காயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இதாவது நிலைக்கட்டும் என்று பிறந்த சில நாளிலேயே மூக்குக் குத்தி, அதையே பேராகவும் வைத்துவிட்டார்கள். பிள்ளை நிலைத்தது, நன்றாகவே நிலைத்தது. முசிறிப் பக்கத்திலிருந்து புருசன் வீரமலையோடு தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பிலிருந்து ரயிலில் அப்புத்தளை வந்து இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அது 1898ஆம் வருசம்.

கொழுந்து பறிப்பதில் அவளுக்கு ஈடாக அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. இரண்டு கையும் இரண்டு பக்கம் தனித்தனியாக மேயும். வாய் மூன்றாவதாக ஒரு வேலை பார்க்கும். மற்றவர்கள் பாதி நிரையில் நிற்கும்போது அவள் தன் நிரையை முடித்துவிட்டு, பின்தங்கியவள் நிரையில் புகுந்து உதவி செய்வாள். உதவி செய்துகொண்டே அவளைக் கேலியும் செய்வாள். "உன் கையி கொழுந்து பறிக்குதா, செடிக்குப் பேன் பாக்குதாடி?" என்பாள். சிரிப்புச் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும்.

வீரமலை கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்த தேயிலைச் செடியை வளைந்த கத்தியால் வெட்டி இடுப்பளவுக்குக் குறைக்கிற வேலை அது. அதிகம் பேசாத மனிதன். அவர்களுக்கு அங்கம்மா என்று ஒரே மகள்.

1906 ஐப்பசியில் ஒரு நாள், மழையில் ஊறிய சரிவில், கூடை நிறையக் கொழுந்தோடு, தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டக் கால் வைத்தவள் வழுக்கிப் போனாள். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாக இரண்டு வரிசைச் செடிகளைத் தாண்டி உருண்டு, ஒரு பாறையில் போய் நின்றாள். கம்பளியில் தூளி கட்டித் தூக்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூன்று மாதம் இருந்தாள். எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. வலது காலை உலக்கை மாதிரி நேராக வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், நேராக நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இனி மலை ஏற முடியாது. கங்காணி யோசித்துவிட்டு, "ஸ்டோருக்குப் போயி குச்சி பொறுக்கட்டும்" என்றார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே அரைத்துக் காய்ந்து கறுத்து வரும் தேயிலைக்குள் இலைக் காம்புகள் செம்பழுப்பு நிறத்தில் கலந்து கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் செய்கிற வேலை. சல்லடை அறையின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் பொழுதெல்லாம் பொறுக்க வேண்டும்.

இருபத்தேழு வயதில் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது மூக்காயிக்குத் தாங்கவில்லை. பழைய கேலியில் இருந்த சிரிப்பு போய் வெறும் காரம் மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் உட்காரும் நல்லம்மா வெற்றிலை மெல்லுகிற சத்தம் பிடிக்கவில்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரியின், அதாவது அடுத்த அறைக்காரியின், கோழி பிடிக்கவில்லை. மகள் தலை வாரிக்கொள்ளும் விதம் பிடிக்கவில்லை. வீரமலை பேசாமல் இருப்பதும் பிடிக்கவில்லை. அவன் எப்போதாவது பேசினால் அது இன்னும் பிடிக்கவில்லை.

"ஏ புள்ள, கஞ்சி ஆறிப்போச்சு, குடிச்சிரு" என்பான்.

"ஆறுனா ஆறட்டும். என் காலுந்தான் ஆறிக் கெடக்கு. அத யாரு கேட்டா?"

தோட்டம் அவளுக்குக் கொச்சிக்கா என்று பேர் வைத்தது. மிளகாயை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முகத்துக்கு முன்னால் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும்.

ஸ்டோரில் அவளுக்கு ரொம்பக் கொடுமையான நேரம் மத்தியானந்தான். மணி அடித்ததும் மற்றப் பெண்கள் எல்லாரும் லயத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். லயம் மேட்டில் இருந்தது. நீட்டின காலோடு ஏறி இறங்கினால் பாதி வழியிலேயே அடுத்த மணி அடித்துவிடும். அதனால் காலையில் கொண்டுவந்த சோற்றை அங்கேயே தின்றுவிட்டு, மீதி நேரம் முழுவதும் அந்த அறையில் தனியாகக் கிடப்பாள். இயந்திரமும் நின்றுவிடும். ஓயாமல் உழலுகிற சத்தம் திடீரென்று நின்ற அறையில் அவள் தலைக்குள் இருப்பதெல்லாம் பெரிதாகக் கேட்கும்.

அப்படி ஒரு மத்தியானம். அன்று காலை பக்கத்துக் காம்பராக் கோழி உள்ளே புகுந்து அரிசிப் பானையைக் கிளறிவிட்டிருந்தது. வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே வந்தவள், தனியாக இருக்கும்போதும் திட்டினாள். கையை ஓங்கியதில், பொறுக்கி வைத்திருந்த குச்சித் தட்டு கவிழ்ந்தது. குச்சிகள் தரையில் சிதறின. அள்ளக் குனிந்தவள் நின்றுவிட்டாள். நாலு குச்சி விழுந்திருந்த விதம் அசல் கோழிக்கால் மாதிரியே இருந்தது. மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால்.

சும்மா விட மனம் வரவில்லை. பக்கத்தில் இன்னொரு கால் வைத்தாள். கால் வைத்த பிறகு உடம்பு இல்லாமல் இருக்குமா? வளைந்த குச்சிகளாகத் தேடி முதுகும் வாலும் வைத்தாள். பானைக்குள் தலையை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவுடன் திரும்பிப் பார்த்ததே, அந்தக் கள்ளப் பார்வை வேண்டும் என்று தோன்றியது. கழுத்தைத் திருப்பி, கண்ணுக்கு ஒரே ஒரு தேயிலைத் தூள் வைத்தாள். பார்வை வந்துவிட்டது. மூக்காயி அந்த வெறும் அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பைத் தானே கேட்டு அவளுக்குத் திடுக்கென்றது. எத்தனையோ மாதமாக அந்தச் சத்தத்தை அவள் கேட்கவில்லை.

மணி அடித்ததும் எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளித் தட்டில் போட்டுவிட்டாள். நல்லம்மா வந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றாள். அன்று மூக்காயி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். கோழியை மூன்று நாள் வைத்த பிறகு அலுத்துவிட்டது. நாலாம் நாள் காலை ஸ்டோருக்கு இறங்குகிற பாதையில், இன்றைக்கு என்னத்தை வைப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். வழியில் தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த வண்டி மாடு ஒன்று, நின்றபடியே கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் இமை மயிரில் பனித்துளி. அந்தப் பாதையில் அவள் எத்தனையோ நாள் நடந்திருக்கிறாள். மாட்டுக்கு இமை மயிர் இருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த நடை மாறிப்போனது. காலை இழுத்துக்கொண்டு நடக்கிற அரை மைல் நீளமான பாதை, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றைக் கொடுத்தது. லயத்துக் குழாயடியில் வாயைக் கோணி முகம் கழுவுகிற பெண். மேட்டில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு. பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தலை அரித்தும் சொறிய முடியாமல் தவித்த ஒருவர். ஸ்டோருக்கு வந்து சேருவதற்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்வாள். வேலை செய்யும்போதே அதற்கு வேண்டிய குச்சிகளைக் கண் அடையாளம் பார்த்து வைக்கும். சில நாள் சரியாக வரும். பல நாள் வராது. மலை மூட்டத்தைக் குச்சியில் வைத்துவிட வேண்டும் என்று ஒரு தடவை ஐந்தாறு நாள் பாடுபட்டாள். குச்சியை நெருக்கி வைத்தால் வேலி மாதிரி இருந்தது. பரப்பி வைத்தால் குப்பை மாதிரி இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது நல்லம்மாதான். ஒரு நாள் அவள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். தரையில் ஒரு தேயிலைச் செடி இருந்தது. மேல் பாதி மட்டும் இலையும் கிளையுமாக இருந்தது. கீழே தூரும் இல்லை, மண்ணும் இல்லை. ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தது. நல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னாடி, அடிப்பக்கமெல்லாம் மூட்டம் மூடிருச்சா?"

மூக்காயிக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுவது லேசில்லை என்பதால், உட்கார்ந்தபடியே அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஆமாக்கா. மூட்டந்தான். மூட்டந்தான்க்கா" என்றாள். அதுவரை அவள் நல்லம்மாவை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் ஓட்டமும் நடையுமாகச் சீக்கிரம் வந்து, மணி அடிப்பதற்குள் அன்றைய படத்தைப் பார்த்துவிடுவார்கள். பார்த்ததும் அவள் அழித்துவிடுவாள். குச்சியெல்லாம் திரும்பித் தட்டுக்குப் போய்விடும்.

ஒரு நாள் நல்லம்மா கேட்டாள், "ஏ மூக்காயி, இப்ப ஒன் வாயில காரங் கொறஞ்சு போச்சே, என்னா சங்கதி? காலு போனதுகூட நல்லதுக்குத்தான்னு தோணிருச்சா?"

"அட போக்கா. காலு போனது போனதுதான். அதுக்காக நான் எந்தச் சாமியயும் கும்புட மாட்டேன்." குச்சி பொறுக்குகிற கை நிற்காமல் சொன்னாள். "ஆனா அந்த மாட்டு எமையப் பாத்தேன்ல. அதுக்குக் கும்புடலாம்."

இப்படி நாலைந்து வருசம் ஓடியது. 1911இல் பழைய டீமேக்கர் போய்ப் புதியவர் வந்தார். டீமேக்கர் என்றால் ஸ்டோர் முழுவதற்கும் பொறுப்பானவர். இவர் பேர் ஷுக்ரி. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. இருபத்தைந்து வயது, புதுமாப்பிள்ளை. வேலையில் எங்கே தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தை முகத்தில் கோபமாக வைத்துக்கொண்டிருப்பார்.

வந்த இரண்டாம் வாரம், மத்தியானத்தில் சல்லடை அறையைப் பார்வையிட வந்தார். தரையில் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தரையை ஒட்டிக் கண்ணை வைத்து, ஒரு குச்சியை மயிரிழை தள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைய படம் கொடியில் காயும் கம்பளி.

"என்ன இது? வேல நேரத்துல வெளாட்டா?"

"இது சோத்து நேரமுங்க."

"தரையில கெடக்குற தூசியெல்லாம் குச்சியோட போயி, தேயிலையில சேரும். நாளைக்குக் கொழும்புலேந்து குத்தம் சொல்லி எழுதுனா யாரு பதில் சொல்றது? இனி இது இங்க வேணாம்."

மூக்காயிக்கு வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கிக்கொண்டு, கம்பளியைக் கையால் கலைத்தாள். அவர் போன பிறகு, லயத்திலிருந்து திரும்பி வந்த நல்லம்மா கொடுத்த வெற்றிலையைக்கூட வாங்கவில்லை.

லயத்தில்தான் எல்லாம் வெடித்தது. முதல் நாள் அங்கம்மா, இரண்டாம் நாள் பக்கத்துக் காம்பராக்காரி, மூன்றாம் நாள் சட்டி. அடுப்பில் இருந்த சட்டி வாசல் தாண்டிப் போய் விழுந்தது. எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் பாதையில் நடக்கும்போது எதைப் பார்த்தாலும், "இத எங்க வைக்கப் போறேன்" என்று வந்தது. பார்ப்பதையே விட்டுவிட்டாள். காலை இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்து நடந்தாள்.

எட்டாம் நாள் வீரமலை ஒரு காரியம் செய்தான். கவ்வாத்து வேலை முடிந்ததும் நேராக ஸ்டோருக்குப் போனான். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீமேக்கர் அறை வாசலில் நின்றான். ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் வந்தேன் என்று சொல்வதைத் தவிர, எந்த ஐயாவிடமும் வாய் திறந்து பேசியறியாதவன் அவன். நின்றுகொண்டே இருந்தான்.

ஷுக்ரி நிமிர்ந்து பார்த்தார். "யாரு? என்ன வேணும்?"

"அந்தக் குச்சிய அவகிட்டக் குடுத்திருங்க ஐயா."

"எந்தக் குச்சி?"

"மூக்காயி, ஐயா. என் பொஞ்சாதி. நீட்டுன காலோட இருப்பா. மத்தியானத்துல குச்சிய அடுக்கி என்னமோ வைப்பாளாம். நான் பாத்ததில்ல. ஐயா வேணாமுன்னுட்டீங்களாம்."

"தூசி சேருதில்லையா? அதுக்கு நீ ஏன் வந்த?"

வீரமலை கக்கத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். பிறகு உண்மையைச் சொன்னான்.

"வீட்டுல இருக்க முடியலீங்க."

ஷுக்ரி முகத்தைக் கோபமாகவே வைத்திருக்கப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். கலியாணமாகி ஆறு மாதமான மனிதர். மனைவி காமிலாவைப் பதுளையை விட்டு இந்தக் குளிருக்குள் கொண்டுவந்து வைத்ததற்கு, அவரும் தினமும் வீட்டில் ஏதோ ஒரு வகையில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் மத்தியானம் மணி அடித்ததும், தேயிலைப் பெட்டியின் மூடிப் பலகை ஒன்றை அவரே தூக்கிவந்து மூக்காயியின் நீட்டிய காலுக்குப் பக்கத்தில் வைத்தார். நன்றாகத் துடைத்த, வெள்ளையான, சதுரமான புதுப் பலகை.

"தரையில வேணாம். இதுல வை. வேல நேரத்துல தொடக் கூடாது."

மூக்காயி பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயா எப்பிடி மனசு மாறுனீங்க?"

"உன்ட புருசன் வந்து கேட்டான்."

"எங்க வீட்டுக்காரரா? அவரு பேசுனாரா?"

"ரெண்டு மூணு பேச்சுத்தான். போதுமாயிருந்திச்சு."

அன்று பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனதும் சோறு போட்டாள். கருவாட்டில் பெரிய துண்டாக எடுத்து வீரமலையின் தட்டில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தின்றான். மறுநாள் புதுப் பலகையில் வைத்த படத்தைப் பார்த்து ஸ்டோர்ப் பெண்களெல்லாம் கைகொட்டிச் சிரித்தார்கள். கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு, ஒரு தோளைத் தாழ்த்தி, யாரோ வாசலில் நிற்கிறார்கள்.

"அட, இது நம்ம அண்ணனில்ல!" என்றாள் நல்லம்மா.

"வேற யாரு வாசல்ல நின்னு எனக்காகக் கேக்கப் போறா?" என்றாள் மூக்காயி. அன்று மட்டும் மணி அடித்த பிறகும் அழிக்கக் கை வரவில்லை. நல்லம்மாதான் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டாள்.

பிறகு வந்த ஏழு வருசமும் நல்ல வருசங்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அவற்றைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கம்மா வளர்ந்து கொழுந்துக்குப் போனாள். தாயைப் போலக் கை வேகம் வந்தது. தோட்டத்திலேயே இராசையா என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவனும் அந்தக் காம்பராவுக்கே வந்து சேர்ந்தான். பலகையில் தினமும் ஒன்று வந்தது, போனது.

1918 ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. ஊர் உலகமெல்லாம் பரவிய காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். தோட்டத்தில் அப்போது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. காலையில் பெரட்டுக்கு வந்து நின்றவர்கள் சாயங்காலம் எழ முடியாமல் கிடந்தார்கள். ஒரு கட்டத்தில் பெரட்டுக் களத்தில் பத்துப் பேர்கூட நிற்கவில்லை. ஸ்டோர் அடுப்பு அணைந்தது. வீரமலைக்கும் மூக்காயிக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. அங்கம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீரை மாறி மாறி ஊற்றினாள். ஐந்தாம் நாள் காலையில் மூக்காயிக்குக் காய்ச்சல் விட்டது. கண் திறந்து பக்கத்தில் பார்த்தபோது வீரமலை இல்லை. முந்தின நாளே எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

"எழுப்பிப் பாத்தோம் ஆத்தா. ஒனக்கு நெனவே இல்ல" என்று அங்கம்மா அழுதாள். மூக்காயி மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

ஸ்டோர் திரும்பத் திறந்ததும் அவளும் வேலைக்குப் போனாள். சாக்கில் மூன்று இடம் காலியாக இருந்தது. நல்லம்மா இருந்தாள், ஆனால் அவளுடைய தம்பி போய்விட்டான். டீமேக்கர் ஐயாவின் தாயார் ஸித்தி ஸுபைதா அதே காய்ச்சலில் பதுளையில் மௌத்தாகிவிட்டார் என்றார்கள். பலகை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. மூக்காயி அதைத் தொடவில்லை. மத்தியானங்களில் சோற்றைத் தின்றுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். யாரையும் அவள் திட்டவில்லை. நல்லம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை, கறுத்த தேயிலையைக் கிளறிக்கொண்டிருந்த அவள் விரலில் ஒரு குச்சி அகப்பட்டது. அடி நேராக, நுனி மட்டும் கொக்கியாக வளைந்த குச்சி. கை அதைத் தட்டில் போடவில்லை. முந்தானை நுனியில் முடிந்துகொண்டது.

மத்தியானம் பலகையை இழுத்துப்போட்டு, அந்த ஒரு குச்சியை நடுவில் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைச் சுற்றி இன்னும் பெரிதாக, உள்ளது உள்ள அளவிலேயே, ஒரு கவ்வாத்துக் கத்தியை வைத்தாள். வீரமலையின் கத்தியில் பிடி ஒரு இடத்தில் விண்டு, அவன் அதைத் துணியால் சுற்றிவைத்திருந்தான். நார் மாதிரி மெல்லிய குச்சிகளைப் பொறுக்கி அந்தத் துணிச் சுற்றையும் வைத்தாள். கடைசிச் சுற்று வைக்கும்போது அழுகை வந்தது. காய்ச்சல் விட்ட நாளிலிருந்து வராமல் நின்ற அழுகை அவ்வளவும் வந்தது. தண்ணீர் பலகையில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பெண்கள் திரும்பி வந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். யாருடைய கத்தி என்று யாரும் கேட்கவில்லை. நல்லம்மா மெதுவாகக் குந்தி உட்கார்ந்தாள்.

"மூக்காயி, எந் தம்பிக்கு முன்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்கும். கல்லுல விழுந்து ஒடஞ்சது. சிரிச்சா அதுதான் முன்னுக்குத் தெரியும். அந்தச் சிரிப்ப வைக்க முடியுமா?"

"வைக்கிறேன்க்கா. நாளைக்கு."

வைத்தாள். முகமில்லை, கண்ணில்லை, உதடும் பற்களும், அதில் பாதி உடைந்த ஒன்றும் மட்டும். நல்லம்மா அதற்கு எதிரே உட்கார்ந்து, "ஆமா, இப்பிடித்தான். இப்பிடித்தான் சிரிப்பான்" என்று சொல்லிச் சொல்லித் தானும் சிரித்தாள், மூக்கையும் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். ஒருத்திக்கு மாமியாரின் காதோலை. ஒருத்திக்குக் கைக்குழந்தையின் கை. விரித்த கை வேண்டாம், எதையோ பிடித்துக்கொண்டு விடாத கை. அந்தக் கையை வைக்க மூன்று மத்தியானம் பிடித்தது.

கடைசியாக ஒரு நாள் ஷுக்ரி வந்து நின்றார். இப்போது முகத்தில் அந்தப் பழைய கோபம் இல்லை. மற்றவர்கள் லயத்துக்குப் போயிருந்தார்கள்.

"மூக்காயி, உங்களால எங்கட உம்மாட வெத்திலத் தட்டத்த வைக்க ஏலுமா? ஆள் உருவம் வேணாம். தட்டம் மட்டும் போதும்."

ஏழு வருசத்தில் அவர் அவளை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் பாத்ததில்லையே ஐயா. எப்பிடி இருக்கும்?"

அவர் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையால் வட்டம் போட்டுக் காட்டினார். பித்தளை. கீழே நிற்கக் கால் உண்டு. விளிம்பில் பூ வேலைப்பாடு. ஒரு இடத்தில் மட்டும் நசுங்கியிருக்கும். அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும்போது சொன்னார்: சின்ன வயதில் அவர்தான் அதைப் படியில் உருட்டிவிட்டு நசுக்கினார். உம்மா அடிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டத்தை நீட்டும்போது அந்த நசுங்கலைக் காட்டி, "இது என்ட மகன்ட கைவேல" என்று பெருமையாகச் சொல்வாராம். பாக்கு வெட்டியைத் தட்டத்துக்குள் வைக்க மாட்டார், பக்கத்தில் வைப்பார். வெற்றிலையின் காம்பெல்லாம் தன் பக்கம் இருக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல மூக்காயி வைத்துக்கொண்டே போனாள். நசுங்கின இடத்தில் குச்சிகளை உள்ளே வாங்கி வைத்தாள்.

"இவ்வளவு போதுமா ஐயா?"

"இன்னுங் கொஞ்சம் நசுங்கியிருக்கும்."

இன்னும் கொஞ்சம் நசுக்கினாள். அவர் பெட்டியை இன்னும் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஓசைப்படாமல் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். மணி அடிக்க வேண்டியவர் அவர்தான். அன்றைக்கு மணி ரொம்பப் பிந்தி அடித்தது.

மூக்காயி அதற்குப் பிறகும் ஏழெட்டு வருசம் ஸ்டோரில் இருந்தாள். தூசியிலும் அடுப்புப் புகையிலும் கிடந்த கண்ணில் மெதுவாகத் திரை விழுந்தது. முதலில் மெல்லிய குச்சிகள் மறைந்தன. பிறகு எல்லாமே மறைந்தன. ஒரு நாள் அவளே டீமேக்கர் அறைக்குப் போய், "ஐயா, இப்ப எனக்குக் குச்சியும் ஒண்ணுதான், தேயிலையும் ஒண்ணுதான். நான் வீட்டுல இருந்துக்கிறேன்" என்றாள். அவர் எழுந்துவந்து கையைப் பிடித்து லயத்துப் பாதைவரை கொண்டுவந்து விட்டார்.

முதல் சில நாள் அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போக அங்கம்மாவுக்குப் பயமாக இருந்தது. பழைய வாய் திரும்பிவிடுமோ என்ற பயமும் உண்டு. ஆறாம் நாள் சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு வந்தபோது, வாசலில் தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மண்ணைக் கையால் நிரவி, கூழாங்கற்களை அடுக்கி, ஒரு பாதம் வைத்திருந்தாள். ஐந்து விரலும் ஐந்து கல்.

"இது யாரு காலு ஆத்தா? கண்ணுந்தான் தெரியலையே, எதப் பாத்து வச்ச?"

"பாக்கல. கேட்டேன். நீ விடியக்காலம் வாசப்படி எறங்கிப் போறப்ப சத்தம் கேட்டுச்சு. அதத்தான் வச்சேன்."

அங்கம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் காலைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என் காலு இம்புட்டுப் பெருசா?"

"நீ நடக்குற சத்தத்துக்கு இதே கம்மி" என்றாள் மூக்காயி.

காம்பராவுக்குள்ளிருந்து இராசையா சிரிக்கிற சத்தம் கேட்டது. அங்கம்மா புருசனைத் திட்ட வாயெடுத்து, முடியாமல் தாய்க்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள்.